எஃப் இல்லாததாகப் பார்த்து வாங்கு மாப்ள

ஒத்தக்கடை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்ள,

கொட்டேஷன் போட்டோ இரண்டும் வந்து சேர்ந்தது. வீடியோ எடிட்டிங்குக்கு வாங்குகிற புதுக் கம்ப்யூட்டருக்கு ஒன்றில் ஏஎம்டியின் ரைசன் 5 5600 ப்ராசஸர், இன்னொன்றில் இன்டெலின் ஐ5-12400எஃப், விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான், எதை எடுக்கட்டும் என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். போனில் சொன்னால் கடையில் போய் நிற்கும்போது பாதி மறந்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்.

என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டாம். கடைசியில் எஃப் இல்லாத ஐ5-12400 எடு. கடைக்காரர் "ரெண்டும் ஒண்ணுதான் சார், எஃப் விலை கம்மி" என்பார், அவர் சொல்வதில் பொய் இல்லை, ஆனால் உன் கல்யாண வீடியோ தொழிலுக்கு அது ஒன்று இல்லை.

வேகத்தை மட்டும் பார்த்தால் உன் மகன் சொல்கிற அளவுக்குப் பெரிய சண்டை இதில் கிடையாது. 5600, 12400 இரண்டும் 2022-ல் வந்தவை. இரண்டிலும் 6 கோர் (கணக்குப் போடுகிற மூளை), 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடுகிற வேலைச் சரடு), உச்சத்தில் 4.4 கிகாஹெர்ட்ஸ். 5600-ல் எல்3 கேச், அதாவது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிற சின்ன வேக நினைவகம், 32 எம்பி, 12400-ல் 18 எம்பி, சில கேம்களில் அந்த வித்தியாசம் 5600-க்குக் கை கொடுக்கும். வேறு சிலதில் 12400 முந்தும். எக்ஸ்போர்ட் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் எது முதலில் முடித்தது என்று உன்னால் சொல்லவே முடியாது. ஆகவே நெட்டில் வருகிற வேக ஒப்பீட்டு வரைபடங்களைப் பார்த்து ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

விஷயம் உன் புதுக் கேமராவில் இருக்கிறது. அழகர் மதுரைக்கு வருகிற எதிர்சேவை அன்றைக்குத் தல்லாகுளத்தில் எடுத்த கிளிப்பை டைம்லைனில் போட்டதும் திக்கித் திக்கி ஓடுகிறது என்றாயே, அந்த ஃபைலைத் திறந்து பார்த்தேன். எச்.265 என்கிற வீடியோ சுருக்க முறை, 10 பிட், 4:2:2. பத்து பிட் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிக்குப் பதில் 1024 படி. 4:2:2 என்றால் நிறத் தகவல் அகலவாக்கில் மட்டும் பாதியாகும், சாதாரண 4:2:0 மாதிரி உயரவாக்கிலும் பாதியாகாது. தீவட்டி வெளிச்சமும் ட்யூப்லைட்டும் கலந்து விழுகிற இடத்தில் நிறத்தைத் திருத்தும்போதும், அரக்குப் பட்டில் சரிகைக் கரை சிதறாமல் நிற்பதிலும் அந்த அருமை தெரியும். நீயே சொன்னாய், கல்யாணப் பொண்ணு புடவை நிறம் மாறிவிட்டது என்று ஒரு வீட்டில் பணத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்று. அதற்குப் பிறகு உன்னை 4:2:0-வில் எடு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அப்படி எடுத்தால் உன் பழைய ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டே அந்தச் சுருக்கிய வீடியோவைப் பிரித்துக் கொடுத்துவிடும், எந்த ப்ராசஸர் என்றாலும் ஓடிவிடும், அதுவும் உண்மை.

ஆனால் 4:2:2 எச்.265-ஐப் பிரித்துப் படிக்கிற வேலையை உன் 1650 செய்யாது. என்விடியாவின் 30 வரிசை, 40 வரிசைக் கார்டுகளும் செய்யாது, 2025-ல் வந்த 50 வரிசையில்தான் அது வந்தது. 5600-ல் உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது. 12400எஃப்-பிலும் கிடையாது, எஃப் என்றாலே அதுதான் அர்த்தம். அப்போது மொத்தச் சுமையும் ஆறு கோர் தலையில் விழும், இரண்டு கேமரா ஆங்கிளை அடுக்கினாய் என்றால் திரும்பவும் திக்கும். வெறும் 12400-க்குள் யுஎச்டி 730 என்று ஒரு சின்ன கிராபிக்ஸ் இருக்கிறது. கேமுக்கு அது ஒன்றுக்கும் ஆகாது. ஆனால் இந்த 4:2:2 ஃபைலைப் பிரிக்கிற சர்க்யூட் அதற்குள் தனியாக இருக்கிறது, பிரீமியர் ப்ரோ அதைப் பயன்படுத்திக்கொள்ளும். அறிமுகமானபோது எஃப் உள்ளதற்கும் இல்லாததற்கும் 25 டாலர்தான் வித்தியாசம். வைகாசி முகூர்த்தம் வரிசையாக வரும்போது ஒவ்வொரு கல்யாணத்துக்கும் உட்கார்ந்து ப்ராக்ஸி, அதாவது எடிட்டிங்குக்கான லேசான நகல், போட்டுக்கொண்டிருக்கிற நேரத்தோடு ஒப்பிட்டால் அது ஒரு காசா சொல்லு.

அசெம்பிள் பண்ணும்போது பக்கத்திலேயே நின்று ஒன்று பார். 1650-ஐச் சொருகியதும் சில மதர்போர்டுகள் உள் கிராபிக்ஸைத் தானாகவே அணைத்துவிடும். போர்டின் ஆரம்ப செட்டிங்ஸான பயாஸுக்குள் போய் அதை ஆன் செய்யச் சொல், இல்லையென்றால் காசு கொடுத்து வாங்கியது சும்மா கிடக்கும். அப்புறம் கேமராவில் எச்.264 4:2:2 என்று இன்னொரு வழி இருக்கும், அதைத் தொடாதே, 12400-ல் அதற்குத் துணை இல்லை. எச்.265-லேயே எடு.

கடைக்காரர் கிராபிக்ஸ் வேண்டுமென்றால் 5600ஜி இருக்கிறதே என்று எடுத்து நீட்டலாம். அதில் கேச் பாதியாக, 16 எம்பியாகக் குறைந்துவிடும், 4:2:2-வும் பிரிக்காது. வேண்டாம் என்று சொல்லிவிடு.

நீ ரைசனை மட்டம் தட்டுகிறேன் என்று நினைக்காதே, என் வீட்டு மெஷினில் ஓடுவது 5600தான். என்னிடம் பி450 போர்டில் பழைய ரைசன் 2600 இருந்தது. பழையதைக் கழற்றுவதற்கு முன்பே பயாஸை அப்டேட் செய்துவிட்டு இதை மாட்டினேன், ராம், போர்டு எதற்கும் காசு போகவில்லை. 2017-ல் ரைசன் வந்த அதே ஏஎம்4 சாக்கெட்டில் இத்தனை வருஷம் கழித்தும் புது ப்ராசஸர் உட்காருகிறது, அந்த விஷயத்தில் ஏஎம்டிக்கு நான் கடமைப்பட்டவன். உன் கையில் அப்படி ஒரு போர்டு இருந்தால் யோசிக்கலாம். நீ புதிதாகத்தானே எல்லாம் வாங்குகிறாய்.

போர்டில் எச்610 போட்டுக் கணக்கை இறக்கியிருக்கிறார்கள். அதில் ராமுக்கு இரண்டே இடம். நான்கு இடம் உள்ள பி660 கேள், டிடிஆர்4 வகையாகவே இருக்கட்டும், 16 ஜிபி இரண்டு போடு. ஒரே ஒரு 32 ஜிபி குச்சியைச் சொருகித் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதே, இரண்டாக இருந்தால்தான் ப்ராசஸருக்கும் ராமுக்கும் நடுவே உள்ள இரண்டு வழியிலும் ஓடும், உள் கிராபிக்ஸும் அதே ராமைத்தான் தின்னும். பின்னாளில் 14-ஆம் தலைமுறை ஐ7 மாற்றினாலும் இதே சாக்கெட்தான். ஆனால் 13, 14-ஆம் தலைமுறையில் வோல்டேஜ் ஏறிச் சில்லு கெட்டுப்போகிற கோளாறை இன்டெலே 2024-ல் ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது, ஆகவே பயாஸை முதலில் புதுப்பித்துவிட்டு மாட்டு. 12400 என்பது 12-ஆம் தலைமுறை, அதற்கு அந்தப் பயமில்லை.

கரண்ட் விஷயத்தில் 5600 கொஞ்சம் சாது, 76 வாட்ஸைத் தாண்டாது. 12400 உச்சத்தில் 117 வரை போகலாம் என்று எழுதியிருக்கிறார்கள். உன் 600 விஏ யுபிஎஸ் தாங்கும், அதில் பிரிண்டரை மட்டும் சொருகாதே. ஸ்டுடியோவில் மேலே தகரம் என்பதால் அக்னி நட்சத்திரத்தில் என்ன ஆகும் என்று எனக்கே கவலையாக இருக்கிறது. கேபினட்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று ஃபேன் போடச் சொல், சுவரை ஒட்டி வைக்காதே.

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து இப்போது பேப்பர் எழுத்துக்கூட்டிப் படிக்கிறார், உன்னைக் கேட்டார். பெரியவள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், கோவைக்கு அனுப்புவதா இங்கேயே சேர்ப்பதா என்று வீட்டில் தினமும் பேச்சு. உன் தங்கை மகள் காதுகுத்துக்குக் கட்டாயம் வருகிறேன், தேதியை மட்டும் சொல்.

கடையில் திருத்திய கொட்டேஷன் கொடுத்ததும் பணம் கட்டுவதற்கு முன்னால் எனக்கு ஒரு போட்டோ அனுப்பு. ப்ராசஸர் பெட்டி மேலேயும் பில்லிலும் எஃப் இல்லை என்பதை நீயே கண்ணால் பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் மாப்ள