ஆண்டறிக்கை: விருப்பாச்சி நடைத்தடமும் மற்றவையும்

அங்கத்தினர் அனைவருக்கும் வணக்கம். போன வருஷ அறிக்கை ஏழு பக்கம் ஓடியது, நான் நாலாவது பக்கத்தில் இருக்கும்போதே பின்வரிசை டீக்கடைக்குப் போய்விட்டது, அதனால் இந்தத் தடவை மாதவாரியாக எழுதவில்லை.

இந்த ஆண்டின் பெரிய வேலை பாளையக்காரர் போர் நடைத்தடம். எதற்கு இது என்று இன்னமும் கேட்கிறவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். 1792 சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்புவிடம் இருந்த திண்டுக்கல் சீமை கும்பினிக்கு, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது, வரியும் கெடுபிடியும் ஏறின, நம் விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர், சிவகங்கையில் மருது சகோதரர்கள், வடக்கே மைசூர்ப் பக்கம் கும்பினியை எதிர்த்த துண்டாஜி வாக் என்று நாலா பக்கமும் ஆள் அனுப்பிக் கூட்டுச் சேர்த்தார். 1800 ஜூன் 3 அன்று கோயம்புத்தூரைப் பிடிக்கப் போட்ட திட்டம் தோற்றது. செப்டம்பரில் துண்டாஜி வாக் சண்டையில் விழுந்தார். அடுத்த வருஷம் விருப்பாச்சியும் போயிற்று, நாயக்கரைத் திண்டுக்கல்லில் தூக்கிலிட்டார்கள். நம் பிள்ளைகளைக் கேட்டால் கட்டபொம்மனைத் தெரியும், விருப்பாச்சி என்றால் மலைவாழைப்பழம், அதோடு சரி.

தடத்தில் வைக்கும் தகவல் பலகை விஷயத்துக்கு வருகிறேன். ஏழு வைக்கத் தீர்மானித்தோம், நிற்பது நாலு. அதில் ஒன்றில் தப்பு, அந்தத் தப்பு என்னுடையது. 1772-இல் காளையார்கோயிலில் கணவரை இழந்த வேலு நாச்சியார் எட்டு ஆண்டு இங்கே நாயக்கர் ஆதரவில் இருந்தார், ஹைதர் அலியின் உதவியும் கிடைத்தது, 1780-இல் சிவகங்கையை மீட்டார். நான் கிறுக்கிக் கொடுத்த சீட்டைப் பார்த்து பெயின்டர் 1870 என்று எழுதிவிட்டார். மூன்று மாதம் யாரும் கவனிக்கவில்லை. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்திதான், "அப்போ விக்டோரியா ராணி காலம் இல்லையா மாமா?" என்று கேட்டு மானத்தை வாங்கினாள். மேலே ஒட்டுத்தாள் ஒட்டியிருக்கிறோம், மழையில் பாதி உரிந்துவிட்டது.

அப்புறம் அந்தக் குண்டுக்கல். வாழைத்தோப்பு வரப்பில் பாதி புதைந்து, நல்ல உருண்டையாக, பாசி படிந்து கிடந்ததை நம் இளைஞர்கள் பீரங்கிக் குண்டு என்று போட்டோ எடுத்து ஊர் முழுக்க அனுப்பிவிட்டார்கள், எனக்கும் கொஞ்சம் ஆசை இருந்தது என்பதை மறைக்கவில்லை. தோப்புக்காரப் பாட்டி வந்து பார்த்துவிட்டு, "அட போங்கடா, இது இளவட்டக்கல்லு, எங்க மாமனார் தூக்கித் தோளுக்குப் பின்னால போட்ட கல்லு" என்றார். நாலு பேர் சேர்ந்து புரட்டிப் பார்த்தோம், அடியில் மண்ணெல்லாம் எறும்பு. பாட்டி சொன்னதுதான் சரி என்று அப்போதுதான் உறைத்தது. இருந்தாலும் "குண்டு" என்றே பலகை வைக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள் என்று செயற்குழுவில் ஒரு கட்சி கிளம்பியது. நான் எதிர்த்தேன், ஓட்டில் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தேன். உண்மையைச் சொன்னால் இங்கே எழுந்து நிற்கும் இடிபாடு குறைவு, ஊர்ப்பெயரும் வாய்ப்பேச்சும்தான் மிச்சம், அதை அப்படியே சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

தீரன் சின்னமலை பிடிபட்ட கருமலையையும் சேர்க்கச் சொல்லி மனு வந்தது. சேர்க்கலாம், 1805-இல் சங்ககிரியில் அவரைத் தூக்கிலிட்டதோடுதான் கதை முடிகிறது. ஆனால் எங்கள் ஆள், உங்கள் ஆள் என்று பலகையில் சாதி எழுதச் சொன்னவர்களுக்கு முடியாது என்று பதில் எழுதியாகிவிட்டது.

தலையூத்து அருவிப் பக்கம் தடத்தை நீட்ட அனுமதி கேட்டு ஓர் அலுவலகத்துக்கு மூன்று கடிதம் போட்டோம், பதில் இல்லை. யானை இறங்கும் இடம் என்பதால் அதுவும் ஒருவகையில் நல்லதுதான், இப்போதைக்கு மணிமண்டபத்திலிருந்து ஊருக்குள் மட்டும் நடக்கிறோம்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பெயரை நான் வாசிக்கப்போவதில்லை, அவரவருக்குத் தெரியும். பலகை மாட்ட வாங்கிய ஏணி பொங்கலிலிருந்து காணவில்லை, எடுத்துப் போனவர் ராத்திரியிலாவது கொண்டுவந்து வாசலில் வைத்துவிடுங்கள், ஒட்டுத்தாளை மாற்ற வேண்டும்.