உன் காரின் வெளித்தோற்றம் பற்றி

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தி படித்து வீடே மகிழ்ந்தது. இங்கே எல்லோரும் நலம்.

இனி நீ கேட்ட விஷயம். பத்து வயது வண்டி, இன்ஜினில் குறை இல்லை, ஆனால் பார்க்கக் களையே இல்லை என்று எழுதியிருந்தாய். ஹெட்லைட் மஞ்சள் பூத்துவிட்டது, பம்பரின் கறுப்பு பிளாஸ்டிக் வெளிறிப் போய்விட்டது, குரோம் பட்டைகளைக் கறுப்பாக்க வேண்டும், வீலுக்கு நிறம் மாற்ற வேண்டும். இத்தனையும் வீட்டிலேயே செய்யலாம், டிங்கரிங் பட்டறைக்குப் போகத் தேவையில்லை. ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்: இந்த வேலைகளில் முக்கால்வாசி நேரம் சுத்தம் செய்வதற்கும் தேய்ப்பதற்கும்தான். ஸ்டிக்கர் உரிவதும் பெயிண்ட் செதில் செதிலாக வருவதும் பெரும்பாலும் பொருளின் குற்றமல்ல, அடியில் விட்டுப்போன வேக்ஸ், எண்ணெய்ப் பிசுக்கின் குற்றம்.

முதலில் கார் ஷாம்பு போட்டு நிழலில் கழுவு. பிறகு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பானட்டைத் தடவிப் பார். வெறும் கைக்குத் தெரியாத சொரசொரப்பு பைக்குள்ளிருந்து தெளிவாகத் தெரியும். பிரேக்கிலிருந்து பறந்து வந்து பதிந்த இரும்புத் துகள், மரப்பிசின், தார் இதெல்லாம்தான் அது. இரும்புக்கென்றே ஸ்பிரே இருக்கிறது. அடித்ததும் துகள் இருக்கும் இடம் ஊதாவாகி வழியும். காயவிடாமல் சில நிமிடத்தில் கழுவிவிடு. மிச்சத்தை எடுக்க கிளே பார் என்ற களிமண் போன்ற மெத்தென்ற கட்டி இருக்கிறது. தகடு எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், அழுத்தாமல் முன்னும் பின்னும் ஓட்டு. கிளே தரையில் விழுந்தால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடு. அதில் ஒட்டிய மணல் பெயிண்ட் முழுக்கக் கீறும். எதை ஒட்டுவதாக, பூசுவதாக இருந்தாலும் அதற்கு முன் அந்த இடத்தை, பிசுக்கை நீக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துவிடு.

ஹெட்லைட்டிலிருந்து தொடங்கு. வண்டியின் வயதைக் காட்டிக்கொடுப்பது அதுதான், அதைச் சரிசெய்தாலே பாதி முகம் மாறிவிடும். ஹெட்லைட்டை மூடியிருக்கும் லென்ஸ் கண்ணாடி அல்ல, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். அதன் மேல் தொழிற்சாலையில் ஒரு பாதுகாப்புப் பூச்சு போட்டிருப்பார்கள். வருடக்கணக்கில் வெயில் பட்டு அந்தப் பூச்சு சிதையும்போது மஞ்சளும் மங்கலும் வருகிறது. வேலையில் இறங்குமுன் லென்ஸ் மேல் தண்ணீர் ஊற்றிப் பார். நனைந்ததும் தெளிவாகத் தெரிந்தால் பழுது வெளிப்பக்கத்தில் இருக்கிறது, தேய்த்தால் போகும். நனைந்தும் மங்கலாகவே இருந்தால் உள்ளே ஈரம் புகுந்திருக்கிறது, அல்லது பிளாஸ்டிக்கிலேயே மயிரிழை வெடிப்பு விட்டிருக்கிறது. அதற்கு வெளியே எவ்வளவு தேய்த்தும் பயனில்லை.

லென்ஸைச் சுற்றி பெயிண்ட் மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டு. ஒரே அடுக்கு டேப் என்றால், வாட்டர் பேப்பரின் (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) ஓரம் பட்டே கிழிந்துவிடும். 800 நம்பர் பேப்பரில் தொடங்கி 1200, 2000, 3000 என்று போ, நம்பர் கூடக் கூடப் பேப்பர் நைசாகும். பேப்பரைத் தேய்ப்புக் கட்டையில் சுற்றிக்கொள், விரலால் அழுத்தினால் பள்ளம் விழும். தண்ணீரில் சில துளி ஷாம்பு கலந்து, லென்ஸ் ஈரமாகவே இருக்கும்படி பார்த்துக்கொள். தொடக்கத்தில் வழியும் தண்ணீர் மஞ்சளாக இருக்கும், அது பழைய பூச்சு. மஞ்சள் நின்று, சுண்ணாம்புத் தண்ணீர் போல வெள்ளையாக வழியத் தொடங்கும்போதுதான் பிளாஸ்டிக்கைத் தொட்டிருக்கிறாய். ஆனாலும் துடைத்துக் காயவிட்டுப் பார். வரைபடத்தில் தீவுகள் தெரிவதுபோல் ஓரம் தெரியும் திட்டுகள் இருந்தால் பழைய பூச்சு அங்கே இன்னும் ஒட்டியிருக்கிறது. அது மொத்தமும் போகும்வரை 800-ஐ விட்டு நகராதே. இங்கே அவசரப்பட்டால் கடைசியில் பாலிஷ் போட்ட பிறகு அந்தத் திட்டுகள் பளிச்சென்று தெரியும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு பேப்பருக்கும் திசையை மாற்று. 800-ஐப் படுக்கையாகத் தேய்த்தால் 1200-ஐ நெடுக்காகத் தேய். படுக்கைக் கோடு ஒன்றும் தெரியாதபோது அடுத்த நம்பருக்குப் போகலாம். 3000 முடிந்ததும் லென்ஸ் ஒரே சீராகப் புகை படிந்ததுபோல் இருக்கும், பயப்படாதே. பாலிஷிங் காம்பவுண்டு போட்டு மைக்ரோஃபைபர் துணியால் தேய்த்தால் தெளிந்துவிடும்.

பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். பாதுகாப்புப் பூச்சு இல்லாத பாலிகார்பனேட் வெயிலில் நின்றால் சில மாதத்திலேயே மறுபடி மங்கும். டூத்பேஸ்ட் வைத்தியம் நிலைக்காததும் இதனால்தான். அது மேலாகப் பாலிஷ் செய்கிறது, எதையும் காப்பதில்லை. ஆகவே ஆல்கஹாலால் துடைத்து, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஹெட்லைட் கோட்டிங்கைப் பூசு. துணியால் இழுத்துப் பூசும் வகையே வீட்டுக்குப் போதும். ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே இழுப்பு, இழுத்த இடத்துக்குத் திரும்பிப் போகாதே. டூ-கே கிளியர் ஸ்பிரே, அதாவது இறுக வைக்கும் ஹார்டனர் கலந்த நிறமற்ற பூச்சு, அதிக நாள் உழைக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதிலிருக்கும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் நுரையீரலுக்கு ஆகாது. அதற்குரிய முகமூடி இல்லாமல் அதைத் தொடவே தொடாதே.

பம்பர் பிளாஸ்டிக்குக் கதை சுருக்கம். எண்ணெய், சிலிக்கான் டிரெஸ்ஸிங் எல்லாம் அன்றைக்குப் பளபளக்கும், சில மழையில் வழிந்து பெயிண்டில் கோடு போடும். சூடான காற்று ஊதும் ஹீட் கன்னைக் காட்டினால் கறுப்பு திரும்புவது உண்மைதான், ஆனால் ஒரே இடத்தில் ஒரு நொடி கூடுதலாக நின்றாலும் மேல்தோலின் சொரசொரப்பு உருகி வழவழவென்று தழும்பாகிவிடும். அதைச் சரிசெய்ய வழியே இல்லை. நன்றாகத் தேய்த்துக் கழுவி, முழுக்கக் காயவைத்து, வெளிப்புற பிளாஸ்டிக்குக்கான செராமிக் வகை டிரிம் கோட்டிங்கை ஸ்பாஞ்சால் மெல்லியதாகப் பூசுவதே என் தேர்வு. மேலே நின்ற மிச்சத்தைச் சில நிமிடத்தில் துடைத்துவிடு, இல்லாவிட்டால் திட்டுத் திட்டாகக் காயும்.

குரோம் பட்டைகளுக்குப் பெயிண்டைவிட, ஸ்டிக்கர்போல் ஒட்டும் வினைல் ஃபிலிம்தான் நல்லது. குரோம் வழுக்கும் பரப்பு, ஸ்பிரே பெயிண்ட் அதில் சரியாகப் பிடிக்காது. ஃபிலிமையோ உனக்கு விருப்பமில்லாவிட்டால் உரித்துவிடலாம். ஃபிலிமில் இரண்டு வகை. காலண்டர்டு என்பது உருளைகளுக்கு நடுவே அழுத்தித் தகடாக்கியது. கொஞ்சம் தடிமன், வளைவில் இழுத்து ஒட்டினால் பழைய அளவுக்கே சுருங்கப் பார்க்கும். காஸ்ட் என்பது திரவமாக ஊற்றிக் காயவைத்தது. சுமார் 50 மைக்ரான் (0.05 மில்லிமீட்டர்), வளைவுக்கு இசையும், அதிகம் சுருங்காது. தட்டையான இடத்துக்கு எது வேண்டுமானாலும் போடலாம். ஜன்னல் ஓரப் பட்டை, கிரில் போன்றவற்றுக்குக் காஸ்ட் மட்டுமே. பின்பக்கம் காற்று வெளியேறும் நுண்ணிய வாய்க்கால்கள் உள்ள ஃபிலிமாகக் கேட்டு வாங்கு, குமிழி தொல்லை பாதி குறையும்.

வெயிலில் சுட்ட தகட்டில் ஒட்டாதே, கடுங்குளிரிலும் வேண்டாம். 18 முதல் 25 டிகிரி செல்சியஸ் சரியாக இருக்கும். பட்டையைவிட எல்லாப் பக்கமும் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டிக்கொள். ஓரத்தில் ஃபெல்ட் துணி வைத்த ஸ்க்வீஜியால் (ஃபிலிமை அழுத்தித் தள்ளும் தட்டையான பிளாஸ்டிக் பட்டை) நடுவிலிருந்து வெளியே தள்ளு. வளைவில் ஹீட் கன்னை லேசாகக் காட்டி, தேவையான அளவு மட்டும் இழு. ஓரத்தில் 5 மில்லிமீட்டராவது உள்ளே மடித்துச் செருகு. விளிம்போடு விளிம்பாக வெட்டி நிறுத்தினால் கழுவும்போது அங்கிருந்துதான் கிளம்பும். எல்லாம் ஒட்டி முடித்தபின் இழுத்த இடங்களையும் ஓரங்களையும் 90 டிகிரிக்கு மேல் சூடாக்கி அழுத்து. ஃபிலிமுக்குத் தன் பழைய வடிவத்தின் நினைவு உண்டு, இந்தச் சூடுதான் அதை மறக்கடிக்கிறது. கையடக்க வெப்பமானி ஒன்று இருந்தால் ஊகிக்க வேண்டியதில்லை.

பெயிண்ட் மேல் வைத்துப் பிளேடால் வெட்டவே வெட்டாதே. பெயிண்டின் மேல் இருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டின் தடிமன் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியைவிட மெல்லியது. கை கொஞ்சம் அழுந்தினாலும் உலோகம்வரை இறங்கி, அங்கே துரு தொடங்கும். நூல் உள்ள நைஃப்லெஸ் டேப்பை அடியில் ஒட்டி, அதன் நூலை இழுத்து வெட்டுவதே பாதுகாப்பு.

வண்டியின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் பெயர் எழுத்துகளை எடுப்பது சுலபம். முதலில் அவை இருக்கும் இடத்தை மாஸ்கிங் டேப்பில் குறித்துவை, ஒருவேளை திரும்ப ஒட்ட நேரலாம். ஹேர் டிரையரால் கை பொறுக்கும் அளவுக்குச் சூடாக்கி, மீன்பிடி நைலான் நூலை எழுத்தின் பின்னால் விட்டு ரம்பம்போல் இழு. ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதே. மிஞ்சும் பசையைக் கட்டைவிரலால் உருட்டினால் திரண்டு உருண்டையாக வரும், வராததற்கு மட்டும் பசை நீக்கி. அடியில் எழுத்தின் நிழல் தெரிந்தால் அது பசை அல்ல, வெயில் படாததால் வெளிறாத பெயிண்ட். பாலிஷ் போட்டால் குறையும், அடர் நிறத்தில் முழுக்கப் போகாது. பெரிய சின்னங்கள் சிலவற்றின் பின்னால் குச்சியும் தகட்டில் ஓட்டையும் இருக்கும். நூல் நடுவில் தடுத்தால் நிறுத்திவிடு. திரும்ப ஒட்டுவதானால் அக்ரிலிக் ஃபோம் டேப் வாங்கு. அது முழுப் பிடிப்புக்கு வர அறை வெப்பத்தில் 72 மணி நேரம் ஆகும், அதுவரை தண்ணீர் படக்கூடாது.

முன் கிரில்லின் சின்னத்தில் மட்டும் கைவைக்குமுன் வண்டியின் கையேட்டைப் பார். சில வண்டிகளில் ரேடார் சென்சார் அதன் பின்னால்தான் இருக்கிறது. உலோகத் துகள் கலந்த பெயிண்டோ ஃபிலிமோ அதை மறைத்தால் தானியங்கி பிரேக் குழம்பும். பார்க்கிங் சென்சார் மேலும் எதையும் ஒட்டாதே.

வீலுக்கு நீ முதல் தடவை செய்வதால் உரிக்கக்கூடிய ரப்பர் பெயிண்டைச் சொல்கிறேன். வீலைக் கழற்றி, பிரேக் தூசியை முழுக்க எடுத்துக் காயவை. டயர் விளிம்புக்கும் வீலுக்கும் இடையில் அட்டைத் துண்டுகளை வரிசையாகச் செருகினால் டேப்பைவிட வேகமாக மறைத்துவிடலாம். ஸ்பிரேயை 15-20 சென்டிமீட்டர் தள்ளிப் பிடி. முதல் கோட் அடி நிறம் பாதி தெரியும் அளவுக்கு மெல்லியதாக இருக்கட்டும், மேலே வருவது பிடித்துக்கொள்ள அது உதவும். அடுத்தடுத்தவை முழுதாக. இதில் சிக்கனம் கூடாது. நான்கைந்து கோட்டாவது இல்லாவிட்டால் உரிக்கும் நாளில் ஒரே தோலாக வராமல் துணுக்குத் துணுக்காகக் கிழிந்து உயிரை வாங்கும்.

நட் உட்காரும் குழியிலும், வீலின் பின்பக்கம் ஹப்பை (வீல் மாட்டப்படும் நடுப்பகுதி) தொடும் பரப்பிலும் எந்தப் பெயிண்டும் படக்கூடாது. இதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதே. நடுவில் பெயிண்ட் இருந்தால் ஓடும்போது அது நசுங்கி, நட்டின் இறுக்கம் தளரும். மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராக, கையேட்டில் சொன்ன டார்க் அளவுக்கு (முறுக்கு விசை) இறுக்கி, 80-100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபார்.

கல் தெறித்த புள்ளிகளுக்கு டச்-அப் பெயிண்ட். உன் வண்டி நிறத்தின் குறியீட்டு எண் பெரும்பாலும் டிரைவர் கதவின் தூணில் ஸ்டிக்கராக இருக்கும். மூடியோடு வரும் பிரஷ் இதற்குத் தடிமன், பல்குத்தும் குச்சியின் நுனியால் துளியாக வை. காய்ந்ததும் பெயிண்ட் சுருங்கிப் பள்ளம் விழும், ஆகவே பல மெல்லிய அடுக்குகள். கீறலை நகத்தால் குறுக்கே வருடிப் பார். நகம் தடுத்தால் பாலிஷுக்கு அடங்காது.

கடைசியாக ஒரு எச்சரிக்கை: லைட்டுகளுக்கு மேல் கறுப்பு ஃபிலிம் ஒட்டும் யோசனை இருந்தால் கைவிடு. பின்னால் வருபவருக்கு உன் பிரேக் லைட் தெரியாது, பல நாடுகளில் அது சட்டப்படி குற்றமும்கூட. பிற்பாடு வண்டி முழுக்க நிறம் மாற்ற ஆசை வந்தால், பதிவுச் சான்றிதழில் நிறத்தை மாற்ற வேண்டுமா என்று முதலில் விசாரித்துவிடு.

பானட்டில் ஏதோ உரிகிறது என்று போகிற போக்கில் எழுதியிருந்தாய். வெள்ளையாகச் செதில் செதிலாக உரிகிறதா, குமிழ் விட்டு உரிகிறதா? முதலாவது என்றால் கிளியர் கோட் போய்விட்டது, அந்தப் பானட்டில் ஃபிலிம் ஒட்டாதே. உரிக்கும் நாளில் மிச்சமிருக்கும் பெயிண்டையும் பிடுங்கிக்கொண்டு வரும். குமிழ் என்றால் அடியில் துரு. பக்கத்திலிருந்து வெளிச்சம் அடித்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய தோழன்