பள்ளித் திருப்பணி நிறைவு அறிக்கை: தலைக்கட்டுதாரர்களுக்கும் வெளியூர் அன்பர்களுக்கும்

அன்புடையீர், வணக்கம்.

நம் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளித் திருப்பணி, ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள் நல்லபடியாக நிறைவேறியது. பொருள்கள் எல்லாவற்றையும் தலைமையாசிரியரிடம் ஒப்படைத்து, இருப்புப் பதிவேட்டில் ஏற்றிக் கையெழுத்தும் வாங்கிவிட்டோம். பணம் கொடுத்த உங்களுக்கு வரவு செலவு மட்டும் சொன்னால் போதாது. எதை ஏன் வாங்கினோம், எதை ஏன் வாங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

கோயில் வேலைக்குச் சொல்லும் 'திருப்பணி' என்ற சொல்லைப் பள்ளிக்கு ஏன் வைத்தீர்கள் என்று சாவடியில் சிலர் கேட்டார்கள். அம்மன் கோயில் கொடை விழாவுக்கு எப்படிக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி பிரித்து, எப்படிக் கணக்கு வாசிக்கிறோமோ, அதே ஒழுங்கில்தான் இதையும் செய்தோம். அதனால் அந்தப் பெயரே பொருத்தம் என்று கூட்டத்தில் முடிவானது.

எல்லாம் 2023 டிசம்பர் 17, 18 மழையில் தொடங்கியது. தாமிரபரணியும் கன்னடியன் கால்வாயும் சேர்ந்து ஊருக்குள் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தண்ணீர் வடிந்ததும் வகுப்பறைகளில் சேறு வாரப் போனோம். சில வருடங்களுக்கு முன்பு வாங்கிப்போட்ட பெஞ்சுகளின் பலகைகள் எல்லாம் டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி உப்பிப்போய்க் கிடந்தன. மேலே மரம் மாதிரி ஒட்டியிருந்த தாள் உரிந்து, உள்ளே இருந்த மரத்தூள் கையோடு வந்தது. அதே அறையின் மூலையில் பழைய மரப் பெஞ்சுகள் மூன்று கிடந்தன. காமராசர் காலத்தில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று ஊர் ஊராக நடத்தி, பெஞ்சு, மணி, கரும்பலகை எல்லாவற்றையும் ஊர்க்காரர்களே வாங்கிக் கொடுத்தார்களே, அப்போது வந்தவை என்று பெரியவர்கள் சொன்னார்கள். கழுவி வெயிலில் காயவைத்தோம். மறுவாரமே பிள்ளைகள் அதில் உட்கார்ந்தார்கள்.

அன்றைக்கே ஒன்று முடிவு செய்தோம். கடைக்காரர் என்ன விற்கிறார் என்று பார்ப்பதற்கு முன்னால், நமக்கு என்ன வேண்டும் என்பதை நாமே எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் திருப்பணிக் குழுவில் உள்ள ஓய்வுபெற்ற பொறியாளர் அண்ணாச்சி இதை விளக்கமாகச் சொன்னார். அரசு கொள்முதலுக்கு 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்) வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. குறைந்த விலைக்கே கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்வதாகப் பலரும் நினைக்கிறோம். உண்மையில், கேட்ட தரத்தையும் நிபந்தனைகளையும் நிறைவு செய்தவர்களுக்குள் யார் விலை குறைவு என்று பார்ப்பதுதான் முறை. விவரக்குறிப்பை ஒழுங்காக எழுதாவிட்டால், மட்டமான பொருள்தான் குறைந்த விலையாக வந்து நிற்கும். நம்முடையது ஊர்ப்பணம் என்பதால் அந்தச் சட்டம் நம்மைக் கட்டாது. ஆனாலும் அந்த ஒழுங்கை அப்படியே எடுத்துக்கொண்டோம்.

வாங்க நினைத்த ஒவ்வொன்றையும் முதலில் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்தோம். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அங்கே தீர்மானம் ஆகி, தலைமையாசிரியர் வழியாக வட்டாரக் கல்வி அலுவலரின் ஒப்புதல் வந்த பிறகுதான் பணத்தை எடுத்தோம். எங்கள் திருப்பணிக் குழுவில் ஒருவருடைய மைத்துனர் மரச்சாமான் கடை வைத்திருக்கிறார். பெஞ்சு பற்றிப் பேசிய நாள்களில் அந்தக் குழு உறுப்பினர் தானாகவே எழுந்து வெளியே போய்விட்டார். அந்தப் பெருந்தன்மையை இங்கே பதிவு செய்கிறோம்.

பெஞ்சுக்கு மூன்று இடங்களில் விலை கேட்டோம். உட்காரும் பலகையும் எழுதும் பலகையும் சேர்ந்தது ஒரு செட். ஒருவர் மரத்தூள் பலகை போட்டு ஒரு செட் 5,400 ரூபாய் என்றார். கேட்டவுடன் மலிவாகத்தான் தெரிந்தது. அதற்கு மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி தனி என்று கடைசி வரியில் இருந்தது. கணக்குப் போட்டால் 6,372. லாரி வாடகை அதற்கும் மேல். பக்கத்து ஊர்ப் பட்டறைக்காரர் இரும்புச் சட்டத்தில் ஒரு அங்குல வேப்பம்பலகை போட்டு, வரி உட்பட, சின்ன அளவு 7,200, பெரிய அளவு 7,800 என்றார். பலகை போனால் பலகையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், சைக்கிளில் போய்ச் சொன்னால் ஆள் வந்துவிடும். அவரிடமே கொடுத்தோம்.

அளவு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் எட்டாம் வகுப்புப் பிள்ளையும் இத்தனை வருடமாக ஒரே 18 அங்குல உயரப் பெஞ்சில்தான் உட்கார்ந்தார்கள். சின்னப் பிள்ளைகளின் கால் தரையில் படாமல் நாள் முழுவதும் தொங்கிக்கொண்டிருந்தது. நாம் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறோம். ஒரு சனிக்கிழமை தையல்கார அக்கா டேப்போடு வந்து, பாதம் தரையில் படியும்படி பிள்ளைகளை உட்காரவைத்து, முழங்காலுக்குப் பின்புறம் வரை ஒவ்வொருவரையும் அளந்தார். மூன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை பதின்மூன்றரை அங்குலம், ஆறிலிருந்து எட்டு வரை 16 அங்குலம் என்று இரண்டு அளவு தீர்மானமானது.

அப்படியும் ஒரு தவறு செய்தோம். உட்காரும் பலகையின் உயரத்தை எழுதிக்கொடுத்த நாங்கள், எழுதும் பலகையின் உயரத்தை எழுதவில்லை. பட்டறைக்காரர் வழக்கமான 28 அங்குலத்திலேயே அடித்துவிட்டார். முதலில் வந்த நான்கு செட்டில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பார்த்தால், பலகை நெஞ்சுக்கு மேலே நின்றது. எழுதும்போது தோள் தூக்கிக்கொண்டு காது வரை போனது. தோளைத் தொங்கவிட்டு முழங்கையை மடித்தால் எந்த உயரம் வருமோ, அதுதான் எழுதும் பலகைக்குச் சரியான உயரம். நான்கு செட்டையும் திருப்பி அனுப்பிக் காலை அறுத்து ஒட்டவைத்தோம். அதற்கான கூலி 2,400 ரூபாய் எங்கள் கவனக்குறைவால் வந்த செலவு. முதலில் நான்கு மட்டும் செய்து பார்ப்போம் என்று நிறுத்திவைத்ததால் அதோடு போயிற்று. 26 செட்டையும் ஒரேயடியாக இறக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே கஷ்டமாக இருக்கிறது.

ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்குப் பெஞ்சு வேண்டாம் என்று ஆசிரியர்களே சொன்னார்கள். பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்துதான் அட்டை அடுக்குகிறார்கள். பிளாஸ்டிக் பாய் மலிவுதான், ஆனால் சித்திரை வெயிலில் தொடையில் ஒட்டுகிறது. பாய்க்குப் பேர்போன பத்தமடை பக்கத்தில்தானே இருக்கிறது! மெல்லிய பட்டுப்பாய் நமக்குக் கட்டாது, சாதாரணக் கோரைப்பாய் 12 வாங்கினோம்.

அடுத்தது தண்ணீர். தண்ணீரில் கரைந்த உப்பைப் பிரித்தெடுக்கும் ஆர்ஓ எந்திரம் வைப்பது என்று ஆரம்பத்தில் எல்லோருமே சொன்னோம். விற்பனைக்கு வந்தவர் இரண்டு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றினார். ஒன்று நம் பள்ளித் தொட்டித் தண்ணீர், மற்றது அவர் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை விட்டு மின்சாரம் கொடுத்தார். ஒரே நிமிடத்தில் நம் தண்ணீர் செம்பழுப்பாகி அழுக்கு மிதந்தது. அவருடையது தெளிவாகவே இருந்தது. தாய்மார்கள் பதறிப்போனார்கள். அப்போது அறிவியல் டீச்சர் எழுந்து, அவருடைய தெளிந்த தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு, "இப்போ கம்பியை விடுங்க" என்றார்கள். அதுவும் பழுப்பானது. மின்சாரம் பாயும்போது கரைந்து வருவது கம்பியில் உள்ள இரும்பு. ஆர்ஓ தண்ணீரில் உப்புகள் மிகக் குறைவு என்பதால் மின்சாரம் அவ்வளவாகப் பாய்வதில்லை. அழுக்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று விளக்கினார்கள். பிள்ளைகள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் தெருக்குழாய்த் தண்ணீர், தொட்டித் தண்ணீர் இரண்டையும் நெல்லையில் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்தோம். கரைந்த உப்பின் அளவு இரண்டிலும் லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள்தான். இந்தியத் தர அளவு 500 வரை ஏற்கிறது. ஆற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர். ஆனால் தொட்டி மாதிரியில் மட்டும் கோலிபார்ம் கிருமி இருந்தது. மூடி உடைந்து மாதக்கணக்காகத் திறந்து கிடந்த தொட்டிதான் காரணம். ஆர்ஓ வைத்திருந்தால், உள்ளே போகும் தண்ணீரில் பாதிக்கு மேல் சாக்கடைக்குப் போயிருக்கும். வருடா வருடம் வடிகட்டிக்கும் பராமரிப்புக்கும் யார் கொடுப்பது என்ற கேள்வியும் இருந்திருக்கும். மூடியுள்ள புதுத்தொட்டி, ஆறு குழாய் வைத்த எவர்சில்வர் தண்ணீர்த் தொட்டி, விளக்கொளியால் கிருமியைக் கொல்லும் சின்னதாக ஒரு புற ஊதா வடிகட்டி, எல்லாம் சேர்த்து 38,700 ரூபாயில் முடிந்தது. ஆறில் இரண்டு குழாய்களை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்திருக்கிறோம்.

கழிவறை வேலையில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகள். டைல்ஸ், வாஷ்பேசின் என்றெல்லாம் ஆண்கள் திட்டம் போட்டிருந்தோம். மேலாண்மைக் குழுத் தாய்மார்கள் பிள்ளைகளிடம் தனியாகக் கேட்டு வந்து சொன்னது வேறு. உள்பக்கம் கொண்டி விழவில்லை, ஒருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மழை நாளில் இருட்டு. துணி மாட்ட ஆணி இல்லை. அரசு கொடுக்கிற நாப்கினை மாற்றினால் போட இடமில்லை. இதற்காகவே மாதத்தில் சில நாள் பள்ளிக்கு வராமல் இருந்திருக்கிறார்கள். இதை எழுதும்போதும் எங்களுக்கு மனசு கனக்கிறது. கொண்டி, விளக்கு, கொக்கி, நாப்கின் எரிகலன் முதலில். மீதிப்பணத்தில்தான் தரையும் கதவும். 2021 டிசம்பரில் நெல்லையில் பள்ளிக் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். அந்த நினைவில், விரிசல் விட்டிருந்த தடுப்புச் சுவரைப் பூசி மறைக்காமல் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினோம்.

மின்விசிறி 12 வாங்கினோம். சாதாரண விசிறி 75 வாட் இழுக்கும். நாங்கள் வாங்கிய, குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி மோட்டார் விசிறி 30 வாட்தான். ஒரு நாளைக்கு 7 மணி நேரம், 200 நாள் என்றால் வருடத்துக்கு 756 யூனிட் மிச்சம்.

புத்தகங்களைக் கட்டுக் கட்டாக வாங்கவில்லை. அப்படி முன்பு வந்த கட்டு ஒன்று பீரோவில் பிரிக்காமலே இருந்தது. பொருநை நெல்லைப் புத்தகத் திருவிழாவுக்கு வேன் வைத்துப் பிள்ளைகளைக் கூட்டிப்போய், அவர்களையே எடுக்கச் சொன்னோம். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பாம்புகளைப் பற்றிய புத்தகத்தை எடுத்தவன், பில் போடும் வரை கீழே வைக்கவே இல்லை. வேனில் திரும்பும்போது பாதியை வாசித்துவிட்டான். இப்போது நூலகப் பதிவேட்டில் அந்தப் புத்தகம் இருக்கும் பக்கம் பேர்களால் நிரம்பி அடுத்த பக்கம் போய்விட்டது.

மும்பை அன்பர் ஒருவர் எல்லாப் பிள்ளைகளுக்கும் புத்தகப்பையும் பள்ளிக்கு ஒரு பெரிய டிவியும் தருவதாகச் சொன்னார். பை, காலணி, சீருடை, நோட்டு எல்லாம் அரசே கொடுக்கிறது. அரசுப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் வகுப்பறைகளும் வந்துகொண்டிருந்தன. அதைச் சொல்லி, கழிவறை நிலையைப் படம் எடுத்து அனுப்பினோம். மறுநாளே "அதுக்கே வச்சுக்கிடுங்க அண்ணாச்சி" என்று பணத்தை அனுப்பிவிட்டார்.

கணக்கு இது. தலைக்கட்டுக்கு 1,000 வீதம் 196 தலைக்கட்டு கொடுத்தது 1,96,000. வெளியூர் அன்பர்கள் 2,85,000. பீடி சுற்றும் தாய்மார்கள், கூலி வாங்கிய கையோடு வாரா வாரம் உண்டியலில் போட்டது 31,400. ஆக வரவு 5,12,400. செலவில் பெஞ்சு சின்னது 12, பெரியது 14, சேர்த்து 1,95,600; பாய் 5,400; தண்ணீர் 38,700; கழிவறை 1,26,500; விசிறி 37,200; புத்தகம் 46,300; மேலே சொன்ன 2,400 உட்பட வண்டி வாடகை, கூலி 9,800. ஆகச் செலவு 4,59,500. கையிருப்பு 52,900 ரூபாய் வங்கியில் இருக்கிறது. பள்ளிக்கு ஆண்டுதோறும் வரும் மானியம் நம் பள்ளி அளவுக்கு 50,000 ரூபாய்தான். தொட்டி கழுவுவது, வடிகட்டி விளக்கு மாற்றுவது, பலகை மாற்றுவது ஆகியவற்றுக்கு அதை எதிர்பார்க்காமல் இந்த இருப்பிலிருந்து எடுப்பதாகத் தீர்மானம்.

மீதி 18 தலைக்கட்டிடம் யாரும் போய்க் கேட்க வேண்டாம். முடியாத வீடுகள் அவை. அவர்கள் பிள்ளைகளும் அதே பெஞ்சில்தான் உட்கார்கிறார்கள்.

உபயம் என்று பெயர் எழுதச் சொல்லிச் சிலர் கேட்டீர்கள். வெள்ளத்தில் தப்பிய அந்த மூன்று பழைய பெஞ்சுகளையும் புரட்டிப் பார்த்தோம், எதிலும் யார் பெயரும் இல்லை. அதனால் புதியவற்றிலும் எழுதவில்லை. கொடுத்த எல்லோர் பெயரும் பள்ளிப் பதிவேட்டில் இருக்கிறது. பில்கள், விலைப்பட்டியல்கள், ஆய்வக அறிக்கை எல்லாம் இந்த மாதம் முழுவதும் ஞாயிறு காலை 10 முதல் 12 வரை சாவடியில் இருக்கும். வந்து பார்த்துக் கேள்வி கேளுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் சொன்னால் படம் எடுத்து அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
பள்ளித் திருப்பணிக் குழுவினர்