222 கடிதங்கள் வேண்டும்: மக்களவை உறுப்பினர்களுக்கு சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மலேசிய மக்களவை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உலகத்தில் எங்காவது குண்டு விழுந்தால் நீங்கள் எல்லாரும் அறிக்கை விடுகிறீர்கள். நானும் விடாமல் படிக்கிறேன். 'வன்மையாகக் கண்டிக்கிறோம்', 'ஆழ்ந்த கவலை கொள்கிறோம்'. யார் பெயரை எடுத்துவிட்டு யார் பெயரைப் போட்டாலும் பொருந்தும். அதனால்தான் இதை எழுதுகிறேன். இனி அறிக்கை வேண்டாம், கடிதம் எழுதுங்கள், ஒரு மனுசன் இன்னொரு மனுசனுக்கு எழுதுகிற மாதிரி.

1962 அக்டோபர் 26 அன்று சோவியத் தலைவர் குருசேவ் அமெரிக்க அதிபர் கென்னடிக்கு அப்படித்தான் ஒரு கடிதம் எழுதினார். கியூபாவில் சோவியத் ஏவுகணைகள், கடலில் அமெரிக்கக் கப்பல்கள், இரண்டு பக்கமும் அணுகுண்டு. அந்த நேரத்தில் அவர் எழுதியது நீளமான, மனம்விட்டுப் பேசுகிற கடிதம். நான் இரண்டு போர்களில் இருந்தவன், ஊர் ஊராக, நகரம் நகரமாகச் சாவை விதைத்து உருண்டு போன பிறகுதான் போர் நிற்கும் என்று எனக்குத் தெரியும் என்கிறார். போர் என்ற முடிச்சு விழுந்த கயிற்றை இரண்டு பேரும் இழுக்க இழுக்க முடிச்சு இறுகும், கடைசியில் போட்டவனாலேயே அவிழ்க்க முடியாது என்கிறார். மாஸ்கோவிலிருந்து அது மொழிபெயர்ப்பாகி வாஷிங்டன் போய்ச் சேரவே பல மணி நேரம் ஆனது. மறுநாள் கென்னடி பதில் எழுதினார், 28ஆம் தேதி ஏவுகணைகளைத் திரும்ப எடுப்பதாக மாஸ்கோ வானொலி சொன்னது. துருக்கியில் இருந்த அமெரிக்க ஏவுகணைகளைப் பற்றி ரகசியமாகப் பேசிக்கொண்டதும் இதில் உண்டு, கடிதம் மட்டுமே காரியத்தை முடித்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பேச்சுக்குக் கதவைத் திறந்தது அந்த மாதிரிக் கடிதங்கள்தான். அடுத்த வருசமே இரண்டு தலைநகரங்களுக்கும் நேரடித் தொடர்பு வைத்தார்கள், அணு ஆயுதச் சோதனையைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டார்கள்.

சுங்கை சிப்புட்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். 1948 ஜூன் 16 அன்று எங்கள் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையொட்டி வந்த அவசரகாலம் 12 வருசம் நீடித்தது. காட்டில் இருந்து சண்டை போட்ட கம்யூனிஸ்ட்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று, பால்வெட்டப் போகிறவர்கள் சோறு கட்டிக்கொண்டு போகக்கூடத் தடை இருந்த இடங்கள் உண்டு. கெடாவில் உள்ள பாலிங்கில் 1955 டிசம்பரில் அரசாங்கமும் கம்யூனிஸ்ட்டுகளும் இரண்டு நாள் பேசிப் பார்த்தார்கள், சரிவரவில்லை. அவசரகாலம் போன பிறகும் நீடித்த அந்தச் சண்டையைக் கடைசியில் ஒப்பந்தம் போட்டு முடித்தது 1989 டிசம்பர் 2, தாய்லாந்தின் ஹட்யாயில். நடுவில் 34 வருசம்.

அதற்கும் முன்னால், இரண்டாம் உலகப் போரில், சயாம்-பர்மா ரயில். ஜப்பான்காரன் 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட, நம் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆள் பிடித்துக் கொண்டு போனான். என் தாத்தாவின் தம்பியும் போனார், 19 வயது. அந்தக் காலத்தில் தோட்டத்து லயத்து வீடுகளில் படித்தவர்கள் குறைவு, யாருக்குக் கடிதம் வந்தாலும் தோட்டத்துக் கணக்கரான கிராணியிடம்தான் கொண்டு போவார்கள், அவர் வாசிக்க வாசிக்கச் சுற்றி நின்று எல்லாரும் கேட்பார்கள். யார் வீட்டுக் கடிதம் என்றாலும் பாட்டி கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டுப் போய் நிற்பாராம், அதில் கொழுந்தனைப் பற்றி ஒரு வரி வராதா என்று. வரவில்லை. செத்த நாள் தெரியாததால் சின்னத் தாத்தாவுக்கு வருசா வருசம் ஆடி அமாவாசைக்குத்தான் படையல், இப்போதும்.

அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தை நம் நாடு 2020இல் உறுதிப்படுத்தியது. நல்ல காரியம், அதற்கு உங்களுக்கு நன்றி. ஆனால் அணுகுண்டு வைத்திருக்கும் 9 நாடுகளில் ஒன்றுகூட அதில் சேரவில்லை. நீங்கள் 222 பேர் இருக்கிறீர்கள். ஆளுக்கு ஒரு கடிதம், அந்த 9 நாட்டுத் தலைவர்களில் ஒருவருக்கு எழுதுங்கள். உதவியாளரை எழுதச் சொல்லாதீர்கள். கட்சி, கொள்கை எதுவும் வேண்டாம், உங்கள் தொகுதியில் போர் யார் வீட்டுக்குள் புகுந்தது, யார் திரும்பி வரவில்லை என்று கேட்டு எழுதுங்கள். மலாய்க் குடும்பம், சீனக் குடும்பம், தமிழ்க் குடும்பம், பூர்வகுடிகளான ஒராங் அஸ்லி என்று எல்லாரிடமும் ஒரு கதை இருக்கும். படிக்க மாட்டார்கள் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். 1939 ஜூலையில் காந்தி ஹிட்லருக்கு எழுதிய கடிதத்தைப் பிரிட்டிஷ் அரசு போகவே விடவில்லை, ஆனாலும் அவர் எழுதினார். அவர் பெயரில்தான் எங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளி இருக்கிறது.

எங்கள் தொகுதி உறுப்பினர் எழுத உட்கார்ந்தால் எனக்குச் சொல்லி அனுப்பட்டும். சின்னத் தாத்தாவின் பெயரை நானே வந்து எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
சுங்கை சிப்புட் வாக்காளர் ஒருவர்