தேதி எனக்கு, வரைபடம் தம்பிக்கு

அன்புள்ள தோழிக்கு,

கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, தூரத்துப் பெயர்ப்பலகையைக் கண்ணாடி இல்லாமலே படிக்க முடிகிறது என்று எழுதியிருந்தாய். படித்ததும் நிம்மதியாக இருந்தது. சொட்டு மருந்தை மட்டும் மருத்துவர் சொன்ன நாள்வரை விடாமல் போடு. பாதியில் நிறுத்துகிற பழக்கம் உனக்கு உண்டு.

அதே கடிதத்தில், “அக்காவும் நானும் எங்காவது போகலாம் என்று பேச ஆரம்பித்தோம், கிளம்புவதற்கு முன்பே சண்டை வந்துவிடும் போலிருக்கிறது, நீயும் தம்பியும் எப்படித்தான் சமாளிக்கிறீர்களோ” என்று கேட்டிருந்தாய். சமாளிப்பதெல்லாம் இல்லை. நாங்களும் சண்டைதான் போடுகிறோம், ஆனால் கிளம்புவதற்கு முன்பே போட்டு முடித்துவிடுகிறோம். சிநேகிதர்களோடு போகும்போது ஆளாளுக்கு “உங்க இஷ்டம்” என்பார்கள். அங்கே போய் மூன்றாம் நாள்தான் ஒவ்வொருவர் முகத்திலும் உண்மையான இஷ்டம் தெரியும். கூடப் பிறந்தவனிடம் அந்த மரியாதை கிடையாது. “மியூசியம் மியூசியமாக என்னால் அலைய முடியாது” என்று முதல் நாளே போனில் சொல்லிவிடுவான். அது எவ்வளவு வசதி தெரியுமா?

உனக்குத் தெரியும், எங்கள் வீட்டில் எங்கே போவது, எப்போது போவது எல்லாம் அப்பாதான் முடிவு செய்வார். எங்கள் பங்கு ஜன்னல் ஓர இருக்கைக்கு அடித்துக்கொள்வது மட்டும். இந்த வயதில்தான் இருவரும் உட்கார்ந்து ஓர் ஊரைத் தேர்ந்தெடுக்கிறோம். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மூத்தவள் பேச்சை இளையவன் கேட்க வேண்டும் என்ற பழைய கணக்கு, நாம் கூப்பிடாமலே வந்து நடுவில் உட்கார்ந்துகொள்ளும். அதனால் வேலையைப் பிரித்துக்கொண்டோம். பாதிப் பாதி இல்லை. தேதி சம்பந்தப்பட்டது எல்லாம் என் பொறுப்பு: பருவம், விடுமுறை நாட்கள், எது எந்தக் கிழமை மூடியிருக்கும், டிக்கெட் எப்போது விற்பனைக்கு வரும். இடம் சம்பந்தப்பட்டது எல்லாம் அவன் பொறுப்பு: தூரம், பாதை, உயரம், எந்த ஊரில் தங்குவது. அவன் எல்லைக்குள் என் தீர்ப்பு செல்லாது. என் எல்லைக்குள் அவனுடையது செல்லாது. கேள்வி கேட்கலாம், அவ்வளவுதான்.

இப்போது இழுபறியில் இருப்பது தென் அமெரிக்காவில் இருக்கிற பெரு. அங்கே மலைமேல் இருக்கிற பழைய இன்கா நகரமான மாச்சு பிச்சுவைப் பார்க்க வேண்டும் என்பது அவனுடைய பள்ளிக்கூடக் காலத்து ஆசை. லீவு பிப்ரவரியில்தான் சுலபமாகக் கிடைக்கும் என்றான். நான் மாதங்களைப் படிக்க ஆரம்பித்தேன். ஆண்டிஸ் மலைப் பகுதியில் நவம்பரிலிருந்து மார்ச் வரை மழை. ஜனவரியும் பிப்ரவரியும்தான் உச்சம். மலைப்பாதையில் நாட்கணக்கில் நடந்து மாச்சு பிச்சுவை அடைகிற இன்கா பாதையைப் பராமரிப்புக்காகப் பிப்ரவரி முழுக்க மூடிவிடுகிறார்கள். 2010 ஜனவரியில் வெள்ளம் ரயில் பாதையை அரித்துக்கொண்டு போக, ஆயிரக்கணக்கான பயணிகள் அடிவாரத்தில் சிக்கி, ஹெலிகாப்டரில் வெளியே கொண்டுவரப்பட்டார்கள். அடிவாரத்து ஊருக்கு வெளியிலிருந்து கார் போகிற சாலை கிடையாது, ரயிலை விட்டால் நடைதான். இதை எல்லாம் அனுப்பியதும் பிப்ரவரிப் பேச்சு தானாக அடங்கிவிட்டது.

மே முதல் செப்டம்பர் வரை மலையில் வறண்ட பருவம். பகலில் நல்ல வெயில், ராத்திரியில் நடுக்கும் குளிர். அப்புறம்தான் ஒரு வேடிக்கை தெரிந்தது. கடற்கரையில் இருக்கிற தலைநகர் லிமாவில் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை வானம் சாம்பல் பூசியதுபோல் மூடியே கிடக்குமாம். வெயில் அடிப்பது டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. ஒரே நாட்டில் மலைக்கு நல்ல காலம் கடலுக்கு மோசமான காலம். “பெரு போக எந்த மாதம் நல்லது” என்று ஒற்றை வரியில் தேடினால் வருகிற பதில்களை அதற்குப் பிறகு நான் நம்புவதில்லை. ஜூன் 24 மலை நகரமான குஸ்கோவில் சூரியத் திருவிழா, ஜூலை 28, 29 அந்த நாட்டுச் சுதந்திர தின விடுமுறை. இரண்டு சமயமும் கூட்டம் நெரியும். கடைசியில் மே மாதத்தில் வந்து நின்றிருக்கிறோம். அவன் மேலதிகாரி சரி சொல்ல வேண்டியது மட்டும் பாக்கி.

உயரம் அவன் பங்கு. அதில் அவனைப் பாராட்டித்தான் ஆக வேண்டும். லிமா கடல் மட்டத்தை ஒட்டிய ஊர். அங்கிருந்து விமானத்தில் ஏறினால் சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில் குஸ்கோ, 3,400 மீட்டர் உயரம். 3,000 மீட்டருக்கு மேல் போனால், ராத்திரி தூங்குகிற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பதுதான் மலை மருத்துவர்கள் சொல்கிற பொது விதி. விமானத்தில் போகிறவர்கள் ஒரே தாவலில் அதை மீறிவிடுகிறார்கள். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் அதனால் வருவதுதான். நல்ல உடல்வாகு உள்ளவருக்கு வராது என்பதும் இல்லை. தம்பி சொன்ன வழி: குஸ்கோவில் இறங்கினாலும் அங்கே தங்காமல், அன்றைக்கே காரில் கீழே இறங்கி, சுமார் 2,800 மீட்டரில் இருக்கிற ஒயாந்தாய்தாம்போவில் தங்குவது. அங்கிருந்து ரயிலில் போய்ப் பார்க்கிற மாச்சு பிச்சு இன்னும் கீழே, 2,430 மீட்டர்தான். அதை முடித்துவிட்டு, உடம்பு பழகிய பிறகு மேலே குஸ்கோவுக்கு ஏறுவது. பெரும்பாலான திட்டங்கள் குஸ்கோவில் ஆரம்பித்து மாச்சு பிச்சுவில் முடிகின்றன. இவன் அதைத் தலைகீழாக்கிவிட்டான். உயரத்துக்கான மாத்திரை விஷயத்தை மட்டும் நம் மருத்துவரிடம் கேட்காமல் எதுவும் செய்யக் கூடாது என்று நான் சொல்லியிருக்கிறேன். (எல்லை மீறல்தான். உடம்பு விஷயத்தில் அக்கா அக்காதான்.)

தூரத்திலும் ஒரு பாடம் கிடைத்தது. போனில் பார்க்கிற தட்டை வரைபடம் துருவத்துப் பக்கம் இருக்கிற நாடுகளை இழுத்துப் பெரிதாகக் காட்டும், நிலநடுக்கோட்டுப் பக்கம் இருப்பவற்றைச் சுருக்கிவிடும். அதில் நார்வேயையும் பெருவையும் பார்த்தால் ஏறக்குறைய ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். உண்மையில் பெரு, நார்வேயைவிட மூன்று மடங்குக்கு மேல் பெரியது. லிமாவிலிருந்து குஸ்கோவுக்குப் பஸ்ஸில் போனால் இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகும். “பக்கத்தில்தானே இருக்கிறது, அதையும் பார்த்துவிடலாம்” என்று யார் சொன்னாலும், முதலில் பயண நேரத்தைப் பார்க்கச் சொல்.

அடுத்த சண்டைக்குக் காரணமே இந்தப் ‘பக்கத்தில்தானே’. அவனுக்கு நாஸ்கா கோடுகளை, அதாவது பாலைவனத் தரையில் பழங்காலத்தவர் வரைந்த பிரம்மாண்டமான உருவங்களை, சின்ன விமானத்தில் ஏறி மேலிருந்து பார்க்க வேண்டும். எனக்கு டிட்டிகாகா ஏரி. ஒன்று லிமாவிலிருந்து தெற்கே பாலைவனத்தில், இன்னொன்று 3,812 மீட்டர் உயரத்தில். இரண்டையும் நுழைத்தால் பாதி நாள் வண்டியிலேயே கழியும். எங்களிடம் ஒரு விதி இருக்கிறது: ஒவ்வொரு பயணத்திலும் ஆளுக்கு ஒன்று, காரணம் கேட்காமல் ஒத்துக்கொள்ள வேண்டும். அவன் ஏற்கெனவே மாச்சு பிச்சுவைச் சொல்லித் தன் ஒன்றைச் செலவழித்துவிட்டான் என்பது என் வாதம். மாச்சு பிச்சு இரண்டு பேருக்கும் பொது, அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது அவன் வாதம். இன்னும் தீர்ப்பு வரவில்லை. ஏரி மலைப் பக்கமே இருப்பதாலும், உயரம் கூடிக்கொண்டே போகிற அவனுடைய பாதையில் கடைசியாகப் பொருந்துவதாலும் அவனுடைய சொந்த விதியே எனக்குச் சாட்சி சொல்கிறது. அதை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் ஒரே கூகுள் ஷீட்டில் எழுதுகிறோம். வாட்ஸ்அப்பில் அனுப்புகிற லிங்க்குகள் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துபோகின்றன. அந்த ஷீட்டில் எனக்குப் பிடித்தது ‘எங்கே படித்தோம், எந்தத் தேதியில் படித்தோம்’ என்ற பத்தி. யாரோ பல வருஷம் முன்னால் எழுதியதை நேற்று நடந்ததுபோல் நம்பிவிடுகிறோம். மாச்சு பிச்சுவையே எடுத்துக்கொள். முன்பு உள்ளே போய் இஷ்டம்போல் சுற்றினார்கள். இப்போது டிக்கெட்டிலேயே நுழையும் நேரமும் நடக்க வேண்டிய பாதையும் குறித்திருக்கும், அசல் பாஸ்போர்ட்டையும் காட்ட வேண்டும். பழைய அனுபவக் குறிப்பை நம்பிப் போனால் வாசலில் நின்று வாதாட வேண்டியதுதான். திறக்கும் நேரம், டிக்கெட் விதி இரண்டையும் அந்த இடத்தின் சொந்த இணையதளத்தில் மட்டும் பார். விமர்சனம் படிப்பதானால், ஐந்து நட்சத்திரமும் ஒற்றை நட்சத்திரமும் வேண்டாம், மூன்று கொடுத்தவர்களைப் படி. அவர்கள்தான் நிதானமாக, படிக்கட்டு எத்தனை செங்குத்து, அறைக்குள் தெருச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று எழுதுவார்கள்.

கிழமை விஷயத்தில் அசட்டையாக இருக்காதே. பாரிஸில் லூவர் மியூசியம் செவ்வாய்க்கிழமை திறக்காது, தாஜ்மகால் வெள்ளிக்கிழமை திறக்காது. ஆம்ஸ்டர்டாமில், நாட்குறிப்பு எழுதிய சிறுமி ஆன் ஃபிராங்க் ஒளிந்திருந்த இல்லத்துக்கு இணையத்தில் மட்டும்தான் டிக்கெட். ஒவ்வொரு செவ்வாயும், ஆறு வாரம் தள்ளி வருகிற வாரத்துக்கானதை விடுகிறார்கள். ஊருக்குப் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் வெளியே நின்று சுவரைப் பார்க்கலாம். இப்படிப்பட்ட ஒன்றிரண்டு மட்டும் முதலில் பதிவு செய்யப்பட வேண்டும், மற்ற நாட்கள் அவற்றைச் சுற்றி அமைந்துகொள்ளும். மிச்சத்தைத் தளர்வாகவே விடு. மணிவாரியாக அட்டவணை போடுகிறவர்களோடு எனக்கு ஒத்துவருவதில்லை, அது யாராக இருந்தாலும் சரி.

பணம் பற்றிக் கேட்டிருந்தாய். பொதுச் செலவுக்கு ஆளுக்குச் சமமாகப் போட்டு ஒரு பை. சொந்தச் செலவு அவரவருடையது. அதைவிடப் பெரிய விஷயம், அறை ஒன்றா இரண்டா என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். தம்பியின் குறட்டை உலகறிந்தது, அதனால் எங்களுக்குள் அதில் விவாதமே இல்லை. விமான டிக்கெட்டை மலிவாக இருக்கிறது என்று இரண்டு துண்டாகத் தனித்தனியே வாங்கினால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் பொதுவாக நம் தலையில்தான் விழும். ஒரே பதிவில் இருந்தால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு.

உன் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி இருந்தது, அக்காவின் சிநேகிதி ஒருவரும் வரலாம் என்று. அதைப் படித்ததும் எனக்கு வேர்ட்ஸ்வொர்த் ஞாபகம் வந்தது. 1803இல் அந்தக் கவிஞரும் தங்கை டாரத்தியும் ஸ்காட்லாந்து சுற்றக் கிளம்பினார்கள், கூடவே நண்பர் கோல்ரிட்ஜ். திறந்த குதிரை வண்டி, ஓயாத மழை. இரண்டு வாரத்தில் கோல்ரிட்ஜ் பிரிந்து தன் வழியே போய்விட்டார். அண்ணனும் தங்கையும் மிச்சப் பயணத்தை முடித்துக்கொண்டு திரும்பினார்கள், டாரத்தி அதை எல்லாம் அழகாக எழுதியும் வைத்தார். மூன்றாவது ஆள் வரக் கூடாது என்று சொல்லவில்லை. வந்தால் அவருக்கும் ஷீட்டில் ஒரு பொறுப்பு கொடுங்கள். சும்மா கூட வருகிறவர்தான் அங்கே போய் முதலில் குறை சொல்வார்.

நெதர்லாந்தில் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்டவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2010இல் வெளிவந்தது. சுற்றுலா போகிறவர்கள், போகாதவர்களைவிடக் கிளம்புவதற்கு முன்னால் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்களாம். திரும்பி வந்த பிறகு, மிக நிம்மதியாக ஓய்வெடுத்து வந்தவர்களைத் தவிர மற்றவர்களிடம் வித்தியாசம் தெரியவில்லையாம். எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. அம்மா போன பிறகு தம்பியும் நானும் பேசிக்கொண்டதெல்லாம் வீட்டு வரி, பத்திரம், யாருக்கு உடம்பு சரியில்லை என்பதுதான். இப்போது ராத்திரி பத்து மணிக்கு, “அந்த ரயிலில் இடது பக்கம் உட்கார்ந்தால்தான் ஆறு தெரியுமாம்” என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறான். அது சரியா என்று அரை மணி நேரம் விவாதம் பண்ணுகிறோம். பயணம் தள்ளிப்போனால்கூட எனக்குப் பெரிய வருத்தம் இருக்காது போலிருக்கிறது. அவனிடம் சொல்லிவிடாதே, லீவு கேட்பதை நிறுத்திவிடுவான்.

நீ செய்ய வேண்டியது இதுதான். அக்காவிடம் எந்த ஊர் என்று கேட்காதே, எந்த மாதம் முடியும் என்று கேள். அப்புறம், உன் முழங்காலுக்கு ஒரு நாளில் எவ்வளவு நடை தாங்கும் என்பதை இப்போதே அவளிடம் சொல்லிவிடு, அங்கே போய் மறைத்துக்கொண்டு நொண்டாதே. இரண்டு பேர் பாஸ்போர்ட்டையும் பெட்டியிலிருந்து எடுத்துக் காலாவதித் தேதியைப் பார். பல நாடுகளில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பார்கள். டிக்கெட்டில் வருகிற பெயர் அதில் இருக்கிற பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். உன் அக்காவுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாறியது, அதைச் சரிபார்த்துக்கொள். மாதம் முடிவானதும் எழுது. என் ஷீட்டை வெற்றாக்கி அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் தோழி