வாசகர் படத்தின் கீழே இரண்டு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்பே கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும் பொழுதுபோக்குப் புகைப்படக்காரர்களைப் பற்றிக் கடந்த இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்பதால் மகிழ்ச்சியாகவே படித்தேன். ஆனால், குழுவில் படம் போட்ட சில நிமிடங்களில் வந்து குவியும் பாராட்டுதான் புதியவர்களை வளர்க்கிறது என்று கட்டுரையாளர் எழுதியதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பாராட்டு வந்தால் யாருக்கும் சந்தோஷம்தான். அதனால் அடுத்த படம் நன்றாக வரும் என்று சொல்ல முடியாது.

எங்கள் பக்கத்தில் நடப்பதைச் சொல்கிறேன். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் எடுத்த மஞ்சள் மூக்கு நாரை ஒன்றை ஒருவர் குழுவில் போடுகிறார். ‘செம’, ‘மாஸ் தலைவா’, கைதட்டும் பொம்மைகள். அப்புறம் ஒருவர், ‘என்ன லென்ஸ் ப்ரோ?’ அவ்வளவுதான். பறக்கும் திசையில் இடமே விடாமல், அலகு படத்தின் ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்பதை ஒருவரும் சொல்வதில்லை. சொன்னால் மனம் புண்படுமாம். அடுத்த வாரம் அதே மரம், அதே நாரை, அதே முட்டல்.

இதற்கு நேரெதிரான ஆட்களும் உண்டு. எந்தப் படத்தைக் கண்டாலும் மூன்றிலொரு பங்கு விதி என்று சொல்லி, குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு கோடு போட்டு, ஆள் அந்தக் கோட்டில் நிற்கவில்லையே என்று அளப்பவர்கள். நெல்லையப்பர் கோயில் மண்டபத்தை நட்டநடுவில் வைத்து, இருபுறமும் தூண்கள் சரிசமமாக வர எடுத்த படத்துக்கும் இதே தீர்ப்புத்தான். இவர்களால் பயந்து படம் போடுவதையே நிறுத்தியவர்கள் உண்டு. பாராட்டு மட்டும் போதும் என்று கட்டுரையாளர் நினைத்ததற்கு இவர்களும் காரணமாக இருக்கலாம்.

உருப்படியான பேச்சு எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். தூத்துக்குடி உப்பளத்தில் எடுத்த படம் ஒன்று எங்கள் மாதக் கூட்டத்தில் திரைக்கு வந்தது. குவித்த உப்பு, நீளக் கைப்பிடிப் பலகையோடு ஒரு பெண், மேலே மேகமில்லாத வானம். எடுத்தவரிடம், ‘நீங்கள் கடைசியில் பேசுங்கள்’ என்று முதலிலேயே சொல்லிவிடுவோம். இது ரொம்ப முக்கியம். இல்லாவிட்டால் படத்தை விட்டுவிட்டு அவர் சொல்லும் கதையைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள்.

ஒருவர் சொன்னார்: உப்பு வெள்ளையாக இல்லை, சாம்பலாக இருக்கிறது. கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டர் எதைக் கண்டாலும் நடுத்தர வெளிச்சத்துக்கு இழுக்கப் பார்க்கும். படம் முழுக்க வெள்ளை இருந்தால் அது ஏமாந்து எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும், அதனால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் அளவுக்கு, அதாவது ஒளியை இரு மடங்காக, கூட்டியிருக்க வேண்டும். இன்னொருவர், பாதிப் படத்தை அடைத்துக்கொண்டிருக்கும் வானம் எதற்கு, கேமராவை இறக்கிப் பாத்திகளைக் காட்டியிருக்கலாமே என்றார். இதெல்லாம் யாரும் சொல்லக்கூடியதுதான். பிறகு உப்பளத்துப் பக்கம் பிறந்து வளர்ந்த ஓர் அக்கா பேசினார். அவர் கேமரா வைத்திருப்பவர் இல்லை, மகனுடன் வந்திருந்தார். ‘நிழல் காலடியிலேயே கிடக்கு. உச்சி வெயில். அங்கே பலரும் விடியறதுக்கு முன்னாடியே இறங்கி, வெயில் ஏறும்போது முடிச்சிருவாங்க. இந்தப் பொம்பளைய நிக்க வச்சுத்தானே எடுத்தீங்க?’ என்று கேட்டார். எடுத்தவர் சிரித்துவிட்டார். ஆமாம், கூப்பிட்டு நிறுத்தி எடுத்ததுதான்.

அவர் படம் கெட்டுவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வேலை செய்கிற படம் என்று அவர் கொடுத்திருந்த தலைப்பு போயிற்று. விடிவதற்குமுன் போனால் என்ன வெளிச்சம் கிடைக்கும், கேமராவின் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓ எவ்வளவு தேவைப்படும், முக்காலி கொண்டு போனால் வரப்பில் வைக்க முடியுமா என்று பேச்சு அந்தப் பக்கம் திரும்பியது. லென்ஸ் விலையைப் பற்றி அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.

‘கருத்துதானே வேண்டும், போட்டிக்கு அனுப்பட்டுமே’ என்பார்கள் சிலர். சலோன் எனப்படும் இந்தப் போட்டிகள் இந்த விஷயத்தில் உதவுவதில்லை என்பது என் எண்ணம். 1950-இல் உருவான ஃபியாப் என்ற சர்வதேசக் கூட்டமைப்பின் அங்கீகாரம் பெற்ற போட்டிகளில் படங்கள் தேர்வாகிக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் பெயருக்குப் பின்னால் ஏஃபியாப், ஈஃபியாப் என்று அதன் பட்டங்களைப் போட்டுக்கொள்ளலாம். தவறில்லை. ஆனால் நடுவர்கள் ஒரு படத்தைச் சில விநாடிகள் பார்த்து மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறார்கள். ஆயிரக்கணக்கில் படம் வந்தால் வேறென்ன செய்ய முடியும்? பணம் கட்டியவருக்கு மதிப்பெண் வரும். ஏன் குறைந்தது என்பது வராது. அதனால் மதிப்பெண் வாங்கிய படத்தைப் பார்த்து அதேபோல எடுக்கிறார்கள். ஜன்னல் வழியே ஒளிக்கற்றை, கொஞ்சம் புகை, நடுவில் புத்தகம் படிக்கும் சின்ன பிட்சுகள். எத்தனை தடவைதான் பார்ப்பது!

படத்தைக் கூடிப் பார்த்துப் பேசும் பழக்கம் நமக்குப் புதிதும் இல்லை. 1855-இல் மதராசில் நடந்த கண்காட்சியில், கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவ அதிகாரி லின்னேயஸ் டிரைப், இன்றைய கர்நாடகத்தின் ஹளேபீடு, பேலூர் கோயில்களை எடுத்த 68 படங்களை வைத்தார். தாளில் எடுத்த காட்சிப் படங்களில் இதுவே சிறந்த வரிசை என்று நடுவர் குழு சொன்னது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மதராசில் புகைப்படச் சங்கமே வந்துவிட்டது. அதற்கு முன்கை எடுத்தவர், 1850-இல் அங்கே ஓவியப் பள்ளியைத் தொடங்கிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர். 1858-இல் மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்த அதே டிரைப், நெகட்டிவில் கையால் மேகம் தீட்டியவர். அந்தக் கால நெகட்டிவிலிருந்து அச்சிட்டால் வானம் வெளிறிப்போய் விழும், அதற்காகத்தான். செயலியில் வானத்தை மாற்றுவது சரியா தவறா என்று எங்கள் குழுவில் மாதம் ஒருமுறையாவது சண்டை வரும். இதைச் சொல்லித்தான் இரு தரப்பையும் கொஞ்ச நேரம் அடக்கி வைப்பேன். (என் கட்சி: மாற்றலாம், மாற்றினேன் என்று சொல்லிவிட்டு. இயற்கைப் படத்தில் மட்டும் கூடாது.)

இன்னொரு கேள்வியையும் நாம் கேட்காமலே விடுகிறோம். படம் எப்படிக் கிடைத்தது? கூந்தன்குளத்தில் பறவைகள் ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. அவற்றுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர் அது. அங்கே போய்க் கூட்டுக்கு நேர் கீழே நின்று, குஞ்சுக்கு இரை ஊட்டும் படம் எடுத்து வந்தால் அதற்கும் ‘செம’தான். கூடுகளின் படத்தை ஏற்கவே மாட்டோம் என்று வைத்திருக்கும் இயற்கைப் படக் குழுக்கள் பல உண்டு. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். எவ்வளவு தள்ளி நின்றாய், தாய்ப்பறவை எழுந்து பறந்ததா என்றாவது கேட்கலாமே. குலசேகரன்பட்டினம் தசராவில் வேடம் போட்டு வருபவரின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் லென்ஸை நீட்டுகிறவரிடமும் இதைக் கேட்க வேண்டும்.

இனி உங்களிடம் நேரடியாக ஒரு கோரிக்கை. உங்கள் இதழில் வாரந்தோறும் வாசகர் படம் வெளியாகிறது. ஓர் இதழில் படம் அச்சாவது சின்ன விஷயம் அல்ல. சிவில் இன்ஜினியரிங் படித்து, பின்னாளில் பெரிய புகைப்படக்காரரான ரகு ராய் 1960-களில் எடுத்த கழுதைக்குட்டிப் படத்தை அவருடைய அண்ணன் எஸ். பால் லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்கு அனுப்பினார். அது அச்சானதிலிருந்துதான் ரகு ராய் இந்தப் பக்கம் திரும்பினார். ஆனால் உங்கள் பக்கத்தில் படமும் எடுத்தவரின் பெயரும் ஊரும் மட்டுமே இருக்கின்றன. நூறு பேர் அனுப்பியதில் இதை ஏன் எடுத்தீர்கள் என்று அனுப்பிய மற்றவர்களுக்கும் தெரியாது, எடுத்தவருக்கும் தெரியாது.

கீழே இரண்டு வரி போடுங்கள். சில வாரங்களுக்கு முன் வந்த குற்றாலம் படத்துக்கு நானாக இருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: ‘எல்லோரும் ஷட்டரை மெதுவாக வைத்து அருவியைப் பஞ்சாக்கும்போது, இவர் வேகமாக வைத்துத் துளிகளை நிறுத்தியிருக்கிறார். குளிப்பவரின் தோளில் விழும் அடி நமக்கும் தெரிகிறது. ஓரடி இடப்புறம் நகர்ந்திருந்தால் மூலையில் தெரியும் விளம்பரத் தட்டி மறைந்திருக்கும்.’ இரண்டு வரி என்று சொல்லிவிட்டு மூன்று வாக்கியம் ஆகிவிட்டது, சரி. இடம் போதாவிட்டால் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கலாம். தேர்வாகாத படம் ஒன்றையும், அனுப்பியவர் சம்மதித்தால், மாதம் ஒருமுறை இப்படிப் போடலாம். எந்த கேமரா, எந்த லென்ஸ் என்ற விவரம் மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

தேர்வாகாத படத்துக்கு யார் சம்மதிப்பார்கள் என்று யோசிக்க வேண்டாம். மணப்பாட்டில் மாலையில் எடுத்த படம் ஒன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். பெயரைப் போட்டே எழுதுங்கள்.

தங்கள் வாசகன்,
பாளையங்கோட்டை