போலந்துக் கவிதைகளை எங்களிடம் சேர்த்தவர்களுக்கு

அன்புடையீர்,

எங்கள் வாசிப்புக் குழுவில் யாருக்கும் போலிஷ் தெரியாது. அப்படியிருந்தும் இந்த வருடம் முழுக்கப் போலந்துக் கவிதைகளோடுதான் இருந்தோம். அதைச் சாத்தியமாக்கியவர்களுக்கு எல்லோர் சார்பிலும் இந்த நன்றி.

முதல் வணக்கம் செஸ்லாவ் மிலோஷுக்கு. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டே, 1965-ல் போருக்குப் பிந்தைய போலந்துக் கவிதைகளை ஆங்கிலத்தில் தொகுத்தார். 1968-ல் பீட்டர் டேல் ஸ்காட்டோடு சேர்ந்து போலந்துக் கவிஞர் ஸ்பிக்னியூ ஹெர்பெர்ட்டை மொழிபெயர்த்து ஒரு முழு நூலாகக் கொண்டுவந்தார். அவருடைய சொந்தக் கவிதைகளின் தேர்ந்த தொகுப்பு ஆங்கிலத்தில் வந்ததோ 1973-ல்தான். பின்னாளில் நோபல் வாங்கிய ஒரு கவிஞர், தன்னைவிட இளையவரின் நூலை முதலில் கரை சேர்த்திருக்கிறார். இந்தப் பெருந்தன்மையை நாங்கள் மறக்க மாட்டோம்.

அடுத்து ஸ்டனிஸ்லாவ் பரன்ஸாக், கிளேர் கவனா. அரசை எதிர்த்ததால் போலந்தில் வேலை இழந்து, 1981-ல் ஹார்வர்டுக்கு வந்தவர் பரன்ஸாக். அவரே முக்கியமான கவிஞர். கவனா அங்கே அவரிடம் படித்தவர். போலந்துக் கவிஞர் விஸ்லவா சிம்போர்ஸ்காவுக்கு நோபல் கிடைத்தது 1996-ல். அதற்கு முந்தைய ஆண்டே இந்த இருவரின் மொழிபெயர்ப்பில் அவருடைய கவிதைகள் ஆங்கிலத்தில் நூலாகத் தயாராக இருந்தன.

அந்த நூலில், ஆளில்லாத வீட்டில் காத்திருக்கும் பூனையைப் பற்றி ஒரு கவிதை. சிம்போர்ஸ்காவின் துணைவர் கோர்னெல் பிலிபோவிச் 1990-ல் இறந்த பிறகு எழுதியது. மேசை நாற்காலி எதுவும் இடம் மாறவில்லை, ஆனால் எல்லாமே மாறிவிட்டது. தட்டில் மீன் வைக்கும் கைகூட வேறு கை. இறந்தவரின் பெயரோ அழுகையோ எங்கும் இல்லை, கோபித்துக்கொண்ட பூனை மட்டும்தான். அந்தக் கோபம் ஆங்கிலத்திலும் அப்படியே நிற்கிறது. துக்கத்தைக் கொஞ்சம் கூட்டி எழுதியிருந்தால் கவிதை செத்திருக்கும். இதை வாசித்த அன்று வேறு எதையும் வாசிக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

ஆதம் ஸகாயெவ்ஸ்கியைத் தந்ததும் கவனாதான். சிதைக்கப்பட்ட உலகைப் போற்ற முயலச் சொல்லும் அவருடைய கவிதை, இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பின் 2001 செப்டம்பர் 24 தேதியிட்ட நியூயார்க்கர் இதழின் கடைசிப் பக்கத்தில் வந்தது. அதற்கு முன்பே எழுதப்பட்டிருந்த கவிதை அது. துரத்தப்பட்டவர்களின் வீடுகளைச் செடிகள் மூடி வளர்வதை அதில் பார்க்கலாம். அது போலந்தின் சொந்த வரலாறு. நியூயார்க்கில் இருந்தவர்கள் அதைத் தங்களுடையதாக வாசித்தார்கள்.

அப்புறம், பெரிய பெயர்களோடு நின்றுவிடாமல் இன்றைய கவிஞர்களைக் கொண்டுவந்தவர்கள். தொமாஷ் ருஷித்ஸ்கியை மிரா ரோசந்தாலும், எவ்கேனியுஷ் த்காச்சிஷின்-தித்ஸ்கி என்கிற தனிக் குரலை பில் ஜான்ஸ்டனும் மொழிபெயர்த்தார்கள். அவற்றை மூலத்தோடு எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிட்ட ஸெஃபிர் பதிப்பகத்துக்குத் தனி நன்றி. சிறிய பதிப்பகங்கள் துணியாவிட்டால் இவர்கள் எங்களுக்குக் கிடைத்தே இருக்க மாட்டார்கள்.

எங்களுக்காகப் போலிஷ் மூலத்தைக் காணொலி அழைப்பில் வாய்விட்டு வாசித்துக் காட்டிய ஆசிரியைக்கு என்ன சொல்வது! பொருள் புரியாமலே ஓசையைக் கேட்டோம். எங்கே மூச்சு விட வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. பேர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சரி, பேர் இல்லாமலே நன்றி, அம்மா.

நூல்களை வரவழைத்து, தவணை தாண்டியும் முகம் சுளிக்காத நூலகருக்கும் நன்றி. எல்லாப் பிரதிகளையும் திருப்பித் தந்துவிட்டோம். வேண்டியவர்கள் இப்போது எடுத்து வாசிக்கலாம்.

அன்புடன்,
வாசிப்புக் குழுவினர்